விளாவிய தண்ணீரில் எலிகள்

தலையான பாவங்கள் ஏழு. சின்ன வயதில் மாதா கோயில் ஞானோபதேச வகுப்பில் மூச்சு விடாமல் ஒப்பித்திருக்கிறேன். அதில் நாலாவது கோபம், ஏழாவது சோம்பல். எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் இரண்டு பேர். நாலாவதை எனக்கும் ஏழாவதை அக்காவுக்கும் என்று ஊரார் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார்கள். என் பங்கை நான் மறுக்கவில்லை. இன்றைக்கும் அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது, இதை எழுதுவதே அதன் தயவில்தான். அக்காவுக்குக் கொடுத்த பங்கைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. அப்பா போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகியிருந்தது. அம்மா ஓசூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் சமையல் செய்தாள். அக்காவைக் கிருஷ்ணகிரியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரரான மாமாவுக்கு மாம்பழக் கூழ் ஆலையில் சூப்பர்வைசர் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் அக்காவும் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள்தான். காலை ஷிஃப்டுக்கு விடியுமுன் பஸ் ஏறிப் போய்விட்டு வந்து, வீட்டுத் துணி அத்தனையையும் துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் உட்காருவாள். அவளைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் யாரும் அந்தத் துணிகளைப் பிழிந்து பார்த்தவர்கள் இல்லை.

மகள் பிறந்தபிறகு அக்கா நின்றுபோனாள். அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். தலை வாரமாட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்கு முன் ஒருநாள் மாமா அவளையும் அவள் பெட்டியையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் விட்டார். காபிகூடக் குடிக்கவில்லை.

"ஆறு மாசமா சும்மாவே உக்காந்திருக்கா அத்த. புள்ள தொண்ட கிழிய அழுதாலும் எந்திரிக்கறதில்ல. உங்க வூட்டுலயே வெச்சி வேல செய்யப் பழக்கி அனுப்புங்க. அதுவரைக்கும் புள்ள எங்கம்மாகிட்டயே இருக்கட்டும்."

பழக்குவதற்கு அவள் என்ன மாடா? வாய்வரைக்கும் வந்த கேள்வியை அம்மா என் கையை அழுத்திப் பிடித்து நிறுத்திவிட்டாள். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பேச்சுதான்: குழந்தையை எப்படி வாங்குவது. அக்கா அதைப்பற்றி எதுவும் பேசமாட்டாள். ஆனால் எதிர்வீட்டுக் குழந்தை அழும்போது அவள் கைவிரல்கள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொள்ளும். நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அப்போது எலி ரூமில் வேலை. தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம், மருந்துகளை விலங்குகளுக்குக் கொடுத்துப் பரிசோதிக்கும் இடம். லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்திருந்ததால் என்னை எடுத்துக்கொண்டார்கள். கூண்டைக் கழுவுவதும் தீனி வைப்பதும் எடை பார்ப்பதும் கணக்கெழுதுவதும் என் வேலை. மேலே ஒரு மேடம். மருந்தியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர், பெங்களூரிலிருந்து கம்பெனி வேனில் வருவார், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். கெட்டிக்காரி, கொஞ்சம் சிடுமூஞ்சி. எனக்கு அவரைப் பிடித்ததற்கு அதுவும் காரணம்.

அந்தச் சமயம் அவர் செய்துகொண்டிருந்தது நீச்சல் சோதனை. உயரமான கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பி எலியை உள்ளே விடுவார்கள். வால் அடியைத் தொடாது, ஏறி வெளியே வரவும் முடியாது. முதலில் எலி சுற்றிச் சுற்றி நீந்தும், கண்ணாடியைப் பிறாண்டும், முங்கிப் பார்க்கும். பிறகு ஒரு கட்டத்தில் விட்டுவிடும். மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கிற அளவுக்கு லேசாகக் காலை அசைத்துக்கொண்டு மிதக்கும். மறுநாள் மருந்து ஊசி போட்டு அதே எலியை மறுபடி விடுவார்கள். ஐந்து நிமிடத்தில் எத்தனை செகண்ட் அசையாமல் கிடக்கிறது என்று ஸ்டாப்வாட்சை வைத்து எண்ணுவது என் பொறுப்பு. மனச்சோர்வுக்குக் கேட்கிற மருந்தாக இருந்தால் எலி கூடுதல் நேரம் நீந்தும் என்பது கணக்கு.

படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு ஒரு நீளமான இங்கிலீஷ் வார்த்தை போட்டிருந்தது. எனக்கு அது வாயில் நுழையவில்லை. நான் 'சும்மா' என்று வைத்தேன். எலி நீந்தினால் வேலை, மிதந்தால் சும்மா. கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான் என்பதால் மேடமும் அப்படியே கேட்க ஆரம்பித்தார்.

"சும்மா எஷ்டு செகண்ட்?"

நான் எண்ணிச் சொல்வேன். முதல் சில நாள் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. ஒருநாள் கூண்டு கழுவிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. ஆறு மாசமாகச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்று மாமா சொன்ன அதே சும்மா. எலி சும்மா இருந்தால் அதற்கு ஜாடி, ஸ்டாப்வாட்ச், பூட்டிய அலமாரியிலிருந்து மருந்து, பெங்களூரிலிருந்து வேன் ஏறி வருகிற டாக்டர். எங்கள் அக்கா சும்மா இருந்தால் அவளுக்கு ஒரு பெட்டியும் பஸ் டிக்கெட்டும். அன்றைக்குக் கூண்டுகளை நான் கழுவிய சத்தத்தில் மேடம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அலமாரியில் இருந்த மருந்தின் பெயர் கெட்டமின். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கிற சமாச்சாரம். மாட்டாஸ்பத்திரியிலும் வைத்திருப்பார்கள். மயக்க மருந்துக்கும் மனச்சோர்வுக்கும் என்ன சம்பந்தம் என்று மேடத்தைக் கேட்டேன். அன்று நல்ல மூடில் இருந்தார் போலிருக்கிறது, படம் போட்டே சொன்னார். மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்குச் சேதி சொல்வது ரசாயனங்கள் மூலமாகத்தான். அதுவரை இருந்த மாத்திரைகள் எல்லாம் செரட்டோனின் மாதிரியான சில ரசாயனங்களைக் கூட்டிப் பார்ப்பவை. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். குளுட்டமேட் என்பது வேறு ஒன்று. நரம்பை முடுக்கிவிடும். சைனீஸ் கடையில் ஃப்ரைட் ரைஸ் மேல் தூவுகிற வெள்ளை உப்புக்கு அது சொந்தக்காரன் என்றார். அதை வாங்கிக்கொள்ள நரம்பின் மேல் ஒரு வாசல் இருக்கிறது. கெட்டமின் போய் அந்த வாசலை அடைத்துவிடும். நிறையக் கொடுத்தால் மயக்கம். மயக்கத்துக்குப் போதாத சின்ன அளவில் கொடுத்தால் எலி மிதக்காமல் நீந்துகிறது என்று சொல்கிறார்கள், அதைத்தான் பார்க்கிறோம் என்றார்.

"ஏன் மேடம் நீந்துது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் டெய்லி ஓசூருக்கு வர்றேன்?"

இந்த இடத்தில்தான் நான் இரண்டு தப்புச் செய்தேன். முதல் தப்பு வீட்டில், இரண்டாவது எலி ரூமில். இரண்டும் ஒரே தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் மாமாவுக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதச் சொன்னாள் அம்மா. அக்காவுக்குச் சித்தபிரமை என்று கிருஷ்ணகிரியில் பேச்சு அடிபடுவதாக யாரோ வந்து சொல்லியிருந்தார்கள்.

"பைத்தியம்னு பேர் வந்துட்டா புள்ளைய ஜென்மத்துக்கும் தரமாட்டாங்கடி. நல்லாருக்கான்னு எழுது."

எழுதினேன். அம்மாவின் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வந்த புதிதில் அக்கா சுவரைப் பார்த்து அழுவாள். இப்போது அழுகை நின்றிருந்தது. காலை வெயிலில் கட்டிலைப் போட்டுக் கொடுத்தால் அசையாமல் படுத்திருந்தாள். மாமியார் இல்லை, அடுப்படி இல்லை, நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். "அக்கா இங்கு மிகவும் சுகமாக இருக்கிறாள். நன்றாக ஓய்வெடுக்கிறாள். அவள் மனதில் ஒரு குறையும் இல்லை" என்று மணி மணியான கையெழுத்தில் எழுதித் தபால்பெட்டியில் போட்டேன்.

அடுத்த தப்பு. ஓசூரின் டிசம்பர் குளிர் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழாயைத் திறந்தால் விரல் விறைக்கும். அந்தத் தண்ணீரை ஜாடியில் பிடித்து எலியை விடும்போது அது நடுங்குவது கண்ணாடிக்கு வெளியே தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பச்சைத் தண்ணீரில் யாரையும் குளிப்பாட்டமாட்டோம். வேலைக்குக் கிளம்புகிறவருக்கு, பிரசவித்தவளுக்கு, காய்ச்சல்காரனுக்கு, யாராக இருந்தாலும் வெந்நீர் கொதிக்கவைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி விளாவி, கையை விட்டுப் பார்த்துத்தான் கொடுப்போம். எனக்குக் கை பழகிய காரியம். பாய்லரிலிருந்து ஒரு மக் வெந்நீர் கொண்டுவந்து ஜாடியில் விளாவினேன். கையை விட்டுப் பார்த்தேன், இதமாக இருந்தது. ஜாடித் தண்ணீருக்கு இத்தனை டிகிரி என்று அளவு உண்டு. ஆனால் தெர்மாமீட்டர் உடைந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பழைய எண்ணையே ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டு வந்தேன். சமாளித்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

எலிகள் மிதந்தன. மருந்து போட்ட எலியும் மிதந்தது, ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்ட எலியும் மிதந்தது. மேடம் படிவங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மருந்து சரியில்லையோ என்று புட்டியை மாற்றினார். நான்காம் நாள் ஏதோ தோன்றி ஜாடிக்குள் விரலை விட்டார்.

"ஏன்ரீ இது? யார் சுடுதண்ணி ஊத்தினது?"

"குளுருது மேடம், பாவம். வெளாவினேன்."

அவர் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டடத்து வாட்ச்மேன் வந்துவிட்டார். நான்கு நாள் வேலை, அத்தனை எலிகள், அத்தனை மருந்து, எல்லாம் வீண். வெதுவெதுப்பான தண்ணீரில் எலி எதற்காக நீந்தப் போகிறது? அது சுகமாக மிதக்கும்.

"கஷ்டத்துல சும்மா இருக்கா, சுகத்துல சும்மா இருக்கா? வெளிய நின்னு பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இப்ப எனக்கு எப்படித் தெரியும்? சொல்லு!"

திட்டு வாங்கினால் திருப்பிக் கொடுக்காமல் நான் நின்றது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். காரணம், நான் அந்த எலிகளை நினைக்கவில்லை. கட்டிலில் கிடக்கிற அக்காவையும் நான் எழுதிய லெட்டரையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை நின்றது நிம்மதியால் என்று எனக்கு யார் சொன்னது? கையை விட்டுப் பார்த்தேனா?

மத்தியானம் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், அந்தப் புட்டியில் இருப்பதை மனுஷர்களுக்குக் கொடுப்பார்களா என்றும் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பைத்தியம் மாதிரி பேசாதே. எலியில பாத்தது எலியோட இருக்கட்டும். உங்க அக்காவுக்கு வேற மாத்திரை இருக்கு, பழைய மாத்திரைதான். மூணு வாரம், நாலு வாரம் ஆகும், ஆனா கேக்கும். இது வியாதிம்மா. சோம்பேறித்தனம் இல்ல. பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போ."

வியாதி என்று படித்த ஒருவர் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு துண்டுச் சீட்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு வழியும் போகவேண்டிய நேரமும் எழுதிக் கொடுத்தார். அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள், "மொதல்ல புள்ள வரட்டும், அப்புறம் ஆஸ்பத்திரி." ஆஸ்பத்திரிக்குப் போனது தெரிந்தால் பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயம் அவளுக்கு.

புது வருஷம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் அறையில் பேச்சுவார்த்தை. எங்கள் கோயில் பங்குச் சாமியார்தான் ஏற்பாடு செய்திருந்தார். மாமா அவர் அம்மாவோடு வந்திருந்தார். குழந்தை அந்தப் பாட்டியின் மடியில் பிஸ்கட் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அக்காவைப் பார்த்தது, பிறகு மின்விசிறியைப் பார்த்தது. இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்த்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை மாமாவுக்குத் தூரத்து உறவு. அடுத்த ஞாயிறு முதல் எங்கள் ஓலை வாசிப்பதாக இருந்தது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் பெயர்களை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பது எங்கள் வழக்கம்.

மாமா சட்டைப்பையிலிருந்து என் இன்லண்ட் லெட்டரை எடுத்து, ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தார்.

"சுகமா இருக்காளாம், ஓய்வெடுக்கறாளாம். பெத்த புள்ள இங்க ஏங்கிக் கெடக்குது. இது உன் கையெழுத்துதானம்மா?"

"ஆமா மாமா. ஆனா தப்பா எழுதிட்டேன். அது சுகமில்ல, வியாதி. மூளையில இருக்கற ரசாயனம் கொறையறதால வர்றது. பெங்களூர்ல மாத்திர குடுக்கறாங்க."

"மூளையிலயா?" மாமா சாமியார் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கங்க சாமி. அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. மூள சரியில்லாதவகிட்ட பச்சப்புள்ளைய எப்பிடிக் குடுக்கறது?"

"ஐயோ, இல்ல சாமி, அவ நல்லாத்தான் இருக்கா!" என்று அம்மா பதறினாள்.

"நல்லா இருந்தா வந்து வேலையப் பாக்கச் சொல்லுங்க."

வியாதி என்றால் பிள்ளை கிடையாது. வியாதி இல்லையென்றால் சோம்பேறி, அதற்கும் பிள்ளை கிடையாது. எந்தப் பக்கம் நீந்தினாலும் கண்ணாடி. எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. காலில் ஒரு முள் குத்தினால் மூன்று நாள் லீவு போடுகிற ஆம்பிளைகள் எத்தனை பேரை எனக்குத் தெரியும் என்றும், காமாலை வந்தவனைச் சோம்பேறி என்று யாராவது சொல்வார்களா என்றும், இன்னும் என்னென்னவோ சாமியார் முன்னால் கத்தினேன். அவர் கையைத் தூக்கினார்.

"கோபப்படாதம்மா. ஒண்ணு இந்த லெட்டர் பொய்யி. இல்ல நீ இப்ப சொல்றது பொய்யி. எது பொய்யி, அத மட்டும் சொல்லு."

நான் பதில் சொல்வதற்குள் மாமா பேசினார். இந்தமுறை குரலை உயர்த்தவில்லை. "மூத்ததுக்கு மூள சரியில்ல. எளையது எழுதறது ஒண்ணு, சொல்றது ஒண்ணு. இத நான் மாப்ள வூட்டுல சொல்லாம இருந்தா நாளைக்கு என்னத்தான சாமி கேப்பாங்க?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அக்கா பேசினாள். மாதக்கணக்கில் ஒரு முழு வாக்கியம் பேசாதவள், ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அவ மேல தப்பில்ல சாமி. நான்தான் அப்பிடி எழுதச் சொன்னேன். எனக்கு மூளையில ஒண்ணும் கெடையாது. வியாதியும் கெடையாது. சோம்பல்தான். கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணப்பகூட அதத்தான் சொல்லியிருக்கேன்."

சாமியார் பெருமூச்சு விட்டார். உண்மையை ஒத்துக்கொண்டதற்காக அவளைப் பாராட்டினார். ஒரு வருஷம் தாய்வீட்டில் இருந்து சுறுசுறுப்பாக வேலை செய்யப் பழகட்டும், பிறகு குழந்தையைப்பற்றிப் பேசலாம் என்று தீர்ப்புச் சொன்னார். மாமா மாப்பிள்ளை வீட்டைப்பற்றி அதன்பிறகு வாயைத் திறக்கவில்லை. குழந்தை பாட்டியின் தோளில் தூங்கியபடி கிருஷ்ணகிரி பஸ் ஏறியது.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் கல்யாணம் முடிந்த மறுவாரம் யாரையும் கேட்காமல் அக்காவைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேடம் சொன்ன பழைய மாத்திரைதான் கொடுத்தார்கள். வாரக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. மாம்பழ சீசனில் ஒருநாள் தானாக எழுந்து துணியை ஊறவைத்தாள். மகள் முதலில் லீவுக்கு மட்டும் வந்தாள், நாலாம் வகுப்பில்தான் நிரந்தரமாக வந்தாள். அதுவரை அவள் அக்காவை 'ஓசூர் அம்மா' என்றுதான் கூப்பிட்டாள். பல வருஷம் கழித்து, அந்தக் கெட்டமினை வெளிநாடுகளில் மனச்சோர்வுக்காரர்களுக்கே கொடுத்துப் பார்க்கிறார்கள், சிலருக்குச் சில மணி நேரத்திலேயே தெளிகிறது என்று பேப்பரில் படித்தேன். பேப்பரைக் கசக்கி எறிந்தேன். நல்ல செய்திதான். எறியாமல் இருக்க முடியவில்லை.

மாமா மேல், சாமியார் மேல், அம்மா மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் வயதாக ஆக ஆறிவிட்டது. ஆறாதது அந்த மூன்று ஞாயிறுகள். முதல் ஞாயிறு என் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று சாமியார் சொன்னபோது, அக்கா என் பக்கத்து இடத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று, அக்கா சொன்னது பொய், லெட்டரை அவள் எழுதச் சொல்லவில்லை, அவளுக்கு வியாதி, எனக்காகப் பிள்ளையை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று சபை முழுக்கக் கேட்கச் சொல்வதென்று தீர்மானித்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போயிருந்தேன். அடுத்த ஞாயிறு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இரண்டாம் ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் பூசைக்கு வந்திருந்தார்கள். மூன்றாம் ஞாயிறு காலையில் எனக்கு இருந்த ஒரே யோசனை, எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போவது என்பதுதான்.